சொதிக்குள் போன பிரேசில் சீஸ்

"சீஸையோ சொதிக்குள்ளை விட்டனீ?"

மல்வேர்ன் பஸ்ஸில் முன் சீற்றிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும், காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன். இரண்டு பெண்கள். இளையவரின் மடியில் இறால் பை.

"தேங்காய்ப்பால் முடிஞ்சுது அக்கா. பிரிட்ஜுக்குள்ளை ஒரு போத்தல், வெள்ளையாய், கட்டியாய். அந்த நேரந்தான் யோசினை வந்துது. விட்டுட்டன்."

"ஆற்றை போத்தல்?"

"மருமகளின்ரை. தாய் போன கிழமை கலியாணத்துக்கு வரேக்கை பிரேசிலாலை கொண்டந்தவ. கூழ் மாதிரிச் சீஸ், ஹெக்கெய்ஜாவ் எண்டு பேராம்."

"ஐயோ! கலியாணம் முடிஞ்ச கையோடை சண்டையோ? தேசிக்காயும் விட்டனியோ?"

"விட்டன். திரையேல்லை அக்கா!"

"திரையேல்லையோ!"

"ஓம். மருமகள் வெறும் போத்தலைப் பாத்துக் கண் கலங்கினவள். நான் செத்தன் எண்டு நினைச்சன். பிறகு சொதியை இடியப்பத்துக்கு விட்டாள், திரும்பவும் விட்டாள், சட்டியையே வழிச்சுப்போட்டாள்."

"தப்பினாய்."

"எங்கை தப்பினது? தாய்க்கும் சொல்லிப்போட்டாள். அவ தன்ரை மற்றப் போத்தலோடை இண்டைக்கு வாறா. தனக்கு முன்னாலை காய்ச்சிக் காட்டட்டாம்."

"இனித் தேங்காய்ப்பாலையே விடு, பிள்ளை!"

"இல்லை அக்கா. இந்தமுறை இறாலும் போடப்போறன்."

"சீஸுக்குள்ளை இறாலோ!"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இளையவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணியை அழுத்தினார்.