சாப்பிட்ட பிறகான அரைமணி நேரம்

இந்தத் திரைச்சீலையை யாராவது துவைத்துப் போடக் கூடாதா என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறியை நிறுத்தியதற்கு நன்றி, டாக்டர். உங்களுக்கு வியர்க்கிறது. எனக்குத்தான் குளிர் ஆகாது. ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அந்தக் குழுவுக்கு என்னை அழைத்தது நீங்கள்தான். சாப்பிட மறுக்கும் பெண்களுக்கு ஒரு புதிய சிகிச்சை; வார்டில் சோதித்துப் பார்க்கும் முன், அந்த நோயில் கிடந்து எழுந்தவர்களின் கருத்தும் வேண்டும் என்றீர்கள். மேசைக்கு ஒரு பக்கம் மருத்துவர்கள், மறுபக்கம் நாங்கள். எங்கள் பக்கத்துப் பேச்சைத் தொகுத்துச் சொல்வது என் பொறுப்பு. நான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவரை என் எடையை மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.

சாப்பிட்டதைப் போய் வாந்தியெடுத்துவிடாதபடி, சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் நர்ஸ் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தீர்கள். அது அவமானம் என்றேன். நீங்கள் விடவில்லை.

"திட்டினா திட்டிட்டுப் போகட்டும்மா. திட்டுறதுக்கு உயிரோட இருப்பாங்கல்ல."

"உங்க வயிறு என்னைக்காவது உங்களுக்கு எதிரியா இருந்திருக்கா, டாக்டர்?"

 நீங்கள் நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் பக்கத்தில் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டீர்கள். எல்லோரும் என்றேன்.

எல்லோரும் இல்லை. எங்களில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி உண்டு. அன்றைக்குக் கூட்டத்துக்கு வர முடியாமல் முந்தின நாளே போன் செய்திருந்தாள். "அந்த அரைமணி நேரமும் நர்ஸைக் கரிச்சுக் கொட்டுவேன். ஆனா அவ நகராம உட்கார்ந்ததாலதான் இன்னைக்கு நான் ஊசியில நூல் கோக்குறேன். அதை மட்டும் எடுத்துடாதீங்கன்னு சொல்லிடும்மா."

சரிக்கா என்றேன். சொல்லவில்லை. அதை மறைத்ததாக நான் நினைக்கவில்லை. அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், உடம்பும் போட்டுவிட்டது. அவளுக்கு இந்த நோயைப் பற்றி இன்னும் என்ன நினைவிருக்கும்?

விதி போயிற்று. பிறகு வார்டுக்கு அந்தப் பெண் வந்தாள். எல்லோரும் வாலு என்று கூப்பிட்டோம். தேறியவளைப் பார்த்தால் தைரியம் வரும் என்று, வாரம் ஒருமுறை என்னை அவளோடு பேச வைத்தீர்கள்.

"அந்த நர்ஸம்மா பார்த்தா பாலே திரிஞ்சிடும்க்கா. நீங்கதான் அவங்கள எங்க பக்கத்துலேர்ந்து எழுப்பி விட்டீங்களாமே. உங்களுக்குச் சிலை வைக்கணும்" என்பாள்.

ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குளியலறை வரை இழுத்துப் போனாள். "யாராவது வந்தா இருமுங்கக்கா, சரியா?"

வாசலில் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? யாரும் வரவில்லை. இருமவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் கையும் என் கையைப் போலவே சில்லென்றிருந்தது. இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் நான் தனியாக இல்லை என்று தோன்றியது. அதற்காகத்தான், டாக்டர். அடுத்தடுத்த வாரங்களிலும் நின்றேன்.

கடைசி முறை கதவு திறக்க வெகுநேரமாயிற்று. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு எவ்வளவு அவமானம்.

இதயம் நின்றுவிட்டது என்று பிறகு நீங்கள் வந்து சொன்னீர்கள். அவளுடைய அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி தேறிடுவான்னு நெனச்சேனே கண்ணு" என்று அழுதார். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. நான் தேறியவள் என்பதும் பொய் இல்லை. அதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள். நான் வந்ததும் எனக்கென்று வைத்த ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்துகிறீர்கள்.

"போலீஸ் வர்றதுக்குள்ள ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. அரைமணி நேரம் நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

தட்டை மெல்ல உங்கள் பக்கமே திருப்பி வைக்கிறேன்.

"வேண்டாம் டாக்டர். வரும்போதே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."