தானாக நின்ற இன்ஜின்

மழைக்காலத்தில் இன்ஜினுக்குள் எண்ணெய் தங்கக் கூடாது. சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் ஓரிக்கையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கோடை முழுக்கத் தண்ணீர் இறைப்பான்கள். புரட்டாசியில் வானம் கறுத்ததும் ஒரு கோணியைப் போர்த்திவிட்டுப் போய்விடுவான்கள். தை மாதம் வந்து சுற்றினால் எப்படிக் கிளம்பும்? உள்ளே கிடந்த கிருஷ்ணாயில் பிசினாகி எண்ணெய் போகிற துவாரத்தையே அடைத்திருக்கும். உடனே, இன்ஜின் சரியில்லை என்பான்கள்.

நீங்களும் அதைத்தானே எழுதியிருக்கிறீர்கள், சப்-இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய இன்ஜின், கோளாறாகிப் புகை கக்கி ஆள் செத்தான் என்று. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் ஏட்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள்கொல்லி இன்ஜின் என்று இப்போது ஊரில் பேர் வைத்துவிட்டார்கள். அதைப் பொறுக்காமல்தான் நடந்து வந்தேன். போலீஸ்காரன் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறவர் நீங்கள்தானே.

செத்தவன் தர்மன். என் தங்கை தேவகியின் மகன். மாகறலில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு என் பெண் அம்சவேணியைக் கட்டிக்கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் பட்டுக்கடையில் புடவை மடித்துப் போட்டவன். அதனால் கைவிரல் எல்லாம் மெத்தென்று இருக்கும். திருகு முடுக்கச் சொன்னால் துணியைத் தேடுவான். சொன்னதைச் செய்ய மாட்டான், சொல்லாததைச் செய்வான்.

போன வருஷம் மழைக்கு முன்னால் இன்ஜினைக் கட்டி வைக்கச் சொன்னேன். டேங்க்கை வடிக்காமலே வைத்துவிட்டான். தையில் கிளம்பவில்லை. நாற்று காய்ந்தது. ஜான் பாஷா வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் கொடுத்தான். துலுக்கப்பாளையத்து மெக்கானிக். வாயாடி, ஆனால் வேலை தெரிந்தவன். அவன் தர்மனை உட்கார வைத்தே சொன்னான். முதலில் இன்ஜினை மேலே தூக்கு. வெட்டவெளியில் வை. டேங்க்கை வடி. பிறகு கிளப்பிவிடு, மிச்சம் மீதி எரிந்து தானாக நிற்கும். அப்போது எண்ணெய்த் திருகை மூடு.

தர்மன் கேட்கவில்லை. பீடி பற்ற வைக்க எழுந்து போய்விட்டான். நான் கேட்டேன்.

"குழிக்குள்ள வச்சி மட்டும் ஓட்டிடாத பெரியவரே," என்றான் ஜான் பாஷா. "பொகை மேல ஏறாது, அங்கியே தங்கிடும். தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்ளோதான், ஆள் காலி."

குழி என்றது எங்கள் கிணற்றை. கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் மேலிருந்து இழுக்க இன்ஜினால் ஆகாது. அதனால் பாதி ஆழத்தில் பக்கச் சுவரைக் குடைந்து அறை மாதிரி செய்து, அதில் இறக்கி வைத்திருக்கிறோம். புகை வெளியே போகக் கரை வரைக்கும் ஒரு நீளக் குழாய் உண்டு.

இந்த வருஷம் எங்கள் பக்கம் கரண்ட் கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து தர்மனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மோட்டார் வந்துட்டா ஒரு சுவிட்சு தான் மாமா. இந்தக் கெழத்தைத் தூக்கி எடைக்குப் போட்டுடலாம்," என்றான். இன்ஜினைத்தான் சொன்னான். அம்சவேணி சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள். இரும்புக்கடைக்காரனிடம் பேசியும் வைத்துவிட்டான். என் இன்ஜினை என்னைக் கேட்காமல்.

சரி, போகிறதுதான் போகிறது, ஒரு தடவையாவது இவன் முறைப்படி கட்டி வைக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் நானே கிணற்றில் இறங்கினேன். துரு பிடிக்கும் என்று புகைக்குழாயைக் கழற்றி மேலே போட்டேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"டேங்க்கை வடிச்சிட்டேன்டா. அடியில இருக்கிறது எரியணும். கெளப்பிவுட்டுட்டு, திருகு மேல கைய வச்சிக்கினு உக்காரு. தானா நிக்கும், நின்னதும் மூடு. அதுக்கு முன்ன ஏறி வந்தா வேலை கெட்டுடும். அறை வாசல்ல கோணியை இழுத்து வுட்டுக்க, மண்ணு வுழும்."

"எடைக்குப் போடறதுக்கு இத்தினி வைத்தியமா மாமா?" என்று சிரித்தான். ஆனால் இறங்கினான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "மாமா, இன்னும் ஓடிக்கினே இருக்குதே?"

"அடியில இருக்கிறது தீரணும்டா. உக்காரு."

"தலை வலிக்குது மாமா."

"உனுக்கு எப்பதான் வலிக்கல?"

அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. இன்ஜின் மட்டும் ஒரே சீராக ஓடியது. அதன் சத்தத்தை வைத்தே சொல்வேன், ஒரு குறையும் கிடையாது.

உச்சிவேளையில் அம்சவேணி கூழ் கொண்டுவந்தாள். கிணற்றைப் பார்த்து, "இன்னாப்பா, அவுரு இன்னுமா கீழ இருக்கிறாரு?" என்றாள்.

"இப்பதான் உருப்படியா ஒரு வேலை செய்யிறான். கூப்புட்டுக் கெடுத்துடாதம்மா."

அவளுக்குச் சந்தோஷம். அவனைப் பற்றி நான் நல்லதாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. பானையை வேப்பமரத்தடியில் வைத்தாள். "நீயும் அவருமா சேந்து குடிங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் குடித்தேன். அவன் பங்கை மூடி வைத்தேன்.

டேங்க்கை நான் வடிக்கவில்லை. விடிகாலையில் கழுத்து வரைக்கும் ஊற்றி வைத்திருந்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் தீர்ந்தது. இரண்டு தடவை விக்கி, தானாக நின்றது. ஜான் பாஷா சொன்ன மாதிரியே.

புகை அடங்கட்டும் என்று இருந்துவிட்டு இறங்கினேன். அவன் ஓடவும் இல்லை, புரளவும் இல்லை. கோணியை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, திருகின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று ஊர் முழுக்க நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தக் கையை எடுத்துவிட்டு, திருகை நானே மூடினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இன்ஜினில் கோளாறு இல்லை. அவனும் அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.