மூன்று கிளவுடும் ஒரு காவலாளியும்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை.

மக்களின் குடும்பப் படங்களைச் சேமித்து வைப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். நான்கு லட்சம் குடும்பங்கள். ஓரிடத்தில் கெட்டாலும் இன்னோரிடத்தில் இருக்கட்டும் என்று மூன்று கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த மூன்று சேமிப்புக் கிடங்குகளில், பிரதி வைத்திருந்தோம். மூன்றுக்கும் மூன்று வாசல், மூன்று சட்டம். ஒன்றில் பார்க்க மட்டும் விடும் அதே அனுமதி, இன்னொன்றில் அழிக்கவும் விட்டுவிடும். இந்தக் கூத்தைக் கட்டி மேய்ப்பதுதான் என் வேலை.

தேவைக்கு மேல் யாருக்கும் அனுமதி கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். விளம்பரப் பிரிவின் அனுமதியை எடுத்தேன்; யாரும் கவனிக்கவில்லை. நிரல் எழுதுபவர்களுடையதை எடுத்தேன்; கத்தினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எங்கள் தலைவியை எல்லாரும் அக்கா என்போம். தங்கமான மனுஷி. ஆனால் கடவுச்சொல்லை எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார். அவருடையதையும் எடுத்தேன்.

மிச்சமிருந்தது வாடிக்கையாளர்கள். அவர்களைவிட ஆபத்தானவர்கள் கிடையாது, ஐயா. எவன் எதை அனுப்பினாலும் அழுத்திவிடுவார்கள்.

படங்களைத் திறக்கக் கிளவுடுக்கு ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. அது போனால் படம் இருந்தும் திறக்காது. மூன்று சாவியையும் அழிக்கச் சொன்னேன். கிளவுடுக்காரர்கள் உடனே அழிக்கமாட்டார்கள், மனம் மாறலாம் என்று முப்பது நாள் அவகாசம் தருவார்கள். தினமும் எச்சரிக்கை வந்தது. அக்காவுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவருக்கு அனுமதி இல்லாததால் எனக்கு வந்தது. தினமும் நிதானமாக யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை நான்.

திங்கட்கிழமை காலை அக்கா என் மேசைக்கு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, ஒரு படமும் திறக்க மாட்டேங்குதே. என் பொண்ணு பொறந்தப்ப எடுத்ததெல்லாம் அங்கதான இருக்கு?"

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு."

"எப்பப்பா திறக்கும்?"

"இனிமே யாராலயும் திறக்க முடியாதுக்கா. என்னாலயும்தான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ஒரு படம்கூடத் திருடுபோகவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் வீட்டுப் படங்களா? அவற்றை அங்கே ஏன் வைக்கப்போகிறேன்? எல்லாம் ஆல்பத்தில், கூடத்து அலமாரியில் இருக்கின்றன. அலமாரியைப் பூட்டுவதுகூட இல்லை, ஐயா. நினைத்தபோது எடுத்துப் பார்க்கத்தானே படம்?