பதினைந்தாவது கல்தடி

டெல்மர் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதுவரை உறுதி. மற்றதில் நினைவு பிசகியிருக்கலாம்.

டெல்மர் என் மனைவி ஆர்டிஸின் தம்பி. கோடையில் காட்டுத்தீ அணைக்கும் குழுவோடு மொன்டானாவுக்குப் போய்விடுவான். அவனிடம் எங்கள் லகோட்டா பழங்குடி முன்னோர் செய்த போர்த்தடி ஒன்று இருந்தது. வாத்து முட்டை அளவில் சாம்பல் நிறக் கல்; அதன் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம். ஈரத்தோலை அந்தப் பள்ளத்தில் இழுத்து, நரம்பால் தைத்து, கைப்பிடி முழுவதற்கும் ஒரே உறையாக விட்டிருந்தார்கள். தோல் காயக் காயக் கல்லை இறுக்கும். இந்தத் தோல் நூற்றைம்பது வருடமாகப் பிடியைத் தளர்த்தவில்லை. என்னிடம் பதினான்கு தடிகள் இருந்தன. ஒன்றிலும் தையல் அவ்வளவு நெருக்கமில்லை. டெல்மரோ அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தான்.

எங்களிடம் ஒரு பொருளை யாராவது புகழ்ந்தால் அதைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. நான் ஆறு வருடம் புகழ்ந்தேன்.

"எங்க அக்காவையும் இப்படித்தான் புகழ்ந்தே, குடுத்தோம்" என்றான். "வீட்டுக்கு ஒண்ணு போதும் மச்சான்."

நான் கோபப்படவில்லை. மச்சான்களுக்குள் கேலி முறைதான்.

அந்தச் செவ்வாயோ புதனோ மாலையில், மொன்டானாவில் தீயணைப்பு வண்டி ஒன்று கவிழ்ந்து ஒருவர் இறந்துவிட்டதாக வானொலி சொன்னது. பெயர் சொல்லவில்லை. ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள்.

"நம்ம டெல்மர் அந்த வண்டியிலதானே போவான்?"

நான் பதில் சொல்லவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவன் நான். ஒருவன் போதிய நேரம் மௌனமாக இருந்தால் எதிரே இருப்பவர் தானே ஒரு பதிலைத் தேடிக்கொள்வார். ஆர்டிஸ் கத்திரிக்கோலை எடுத்து, இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலைக் காதோடு வெட்டினாள். எங்கள் துக்கம் அப்படி. தரையில் கிடந்ததை நான் கூட்டி அள்ளினேன்.

துக்க வீட்டில் எதற்கு என்று வானொலியையும் அணைத்து வைத்தேன். ஊரார் கொண்டுவந்த சூப்பும் பொரித்த ரொட்டியும் வீட்டில் குவிந்தன. உடல் எப்போது வரும் என்று கேட்டார்கள். அரசாங்கக் காகிதம், நாளாகும் என்றேன். எங்கள் ஊரில் இதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இறந்தவரின் பொருள்களை ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். குடும்பத்தார் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை ஊர்க் கூடத்தில் கொடை என்று முடிவாயிற்று. ஆர்டிஸ் அழுதுகொண்டே பட்டியல் போட்டாள். கல்தடியை என் சித்தப்பா மகன் எல்ராய்க்குக் கொடுக்கச் சொன்னேன். எல்ராய் இளகிய மனம் உள்ளவன்; இரண்டு முறை புகழ்ந்தால் எதையும் தந்துவிடுவான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பாத்திரம் கழுவும்போது கூப்பிட்ட டெல்மர், விபத்துச் செய்தி வந்தால் அக்கா பயப்பட வேண்டாம், தான் வேறு வண்டியில் வந்ததாகச் சொல்லச் சொன்னான். வெள்ளியன்று மறுபடி கூப்பிட்டு, மறுநாள் வருவதாகச் சொன்னான். இன்னும் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வா, இங்கே விசேஷம் ஒன்றுமில்லை என்றேன். ஆக, உயிரோடு இருக்கும் ஒருவனை நான் சில நாள் இறந்தவனாக வைத்திருந்தேன். செய்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை எல்ராய் தடியை வாங்கினான். நான் புகழ வாயெடுப்பதற்குள் கண்ணீரோடு நேராக மேளத்தருகே நடந்து, ரோஸ்பட் என்ற ஊரிலிருந்து வந்திருந்த மூத்த பாடகர் கையில் அதைக் கொடுத்துவிட்டான். அவன் மனம் அவ்வளவு இளகும் என்று நான் கணக்கிடவில்லை.

அப்போது வாசலில் டெல்மர் நின்றான், தோளில் பையோடு. மேளம் நின்றது.

"நான் செத்துட்டேனாமே மச்சான்" என்றான். "சூப்பு மிச்சம் இருக்கா?"

ஆர்டிஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள், பிறகு அடித்தாள். அவனுடைய போர்வையும் சேணமும் வைத்திருந்தவர்கள் திருப்பித் தர வந்தார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எங்களுக்கு வெட்கக்கேடு. அவன் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, வைத்துக்கொள்ளச் சொன்னான். அக்காவின் தலையைத் தொட்டுப் பார்த்தான். அவள் காதில் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நீண்ட மௌனத்தை நான் மற்றவர்களுக்குத்தான் தந்திருக்கிறேன்.

மைக்கை வாங்கிக்கொண்டான்.

"எனக்காக ரொம்பத் துக்கப்பட்டது எங்க மச்சான் வெண்டல்தான். தூங்கக்கூட இல்லையாம். நான் திரும்பி வந்த சந்தோஷத்துல, அவர் பேரால, அவரோட பதினாலு கல்தடியையும் நானும் எங்க அக்காவும் ஊருக்குக் குடுக்கிறோம். மச்சான், நீங்களே போய் எடுத்துட்டு வந்துருங்க."

கிழவிகள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் என் பெயரால் மரியாதைப் பாட்டுப் பாடினார்கள். அப்படிப் பாடினால் ஆடித்தான் ஆக வேண்டும். ஆடினேன்.

மொன்டானாவில் இறந்தவரை அவர் ஊரிலேயே புதைத்தார்கள். மூத்த பாடகர் அந்தத் தடியைத் தன் பேத்தியின் திருமணத்தில் கொடுத்துவிட்டார். என் பதினான்கும் பதினான்கு வீடுகளில் இருக்கின்றன. எல்ராய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. டெல்மர் இந்தக் கோடையும் தீயணைக்கப் போயிருக்கிறான். ஆர்டிஸ் இரண்டு வருடமாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள். என்மேல் கோபம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அங்கே காற்று நன்றாக வரும், அதற்காகத்தான் போயிருக்கிறாள்.