நான்காம் தொட்டியின் புகை வாசனை

சக்கை அள்ளும் நாளில் எங்கள் பக்கம் யாரும் நல்ல சட்டை போடுவதில்லை; கறை போகாது. என் மாமனார் அன்செல்ம் காபனெல் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மதியம் பாரிஸிலிருந்து ஒயின் வியாபாரிகள் வருவதாக இருந்தது. இதை முதலில் சொல்லக் காரணம், ஐயா, தொட்டிக்குள் இறங்கும் எண்ணத்தோடு அவர் எழுந்திருக்கவில்லை. நானும் திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை.

வேலை எளிது. திராட்சை தோலோடு நொதித்து முடிந்ததும் ஒயினைக் கீழ்க்குழாயில் வடித்துவிடுவோம். அடியில் தங்கும் சக்கையை ஒருவர் மேல்வாய் வழியாக ஏணியில் இறங்கி அள்ள வேண்டும். அங்கே கரியமில வாயு தேங்கி நிற்கும். அதனால் கம்பியில் கட்டிய மெழுகுவத்தியை முதலில் அடிவரை விடுவோம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. காபனெல் குடும்பத்தில், இறங்குகிறவர் எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிடிப்பவர் எரிகிறது என்றால் எரிகிறது.

போன வருடம் நான்காம் தொட்டியில் இறங்கியவள் என் மனைவி மகலோன். பிடித்தவர் அவள் அப்பா. மழைக்கு முன் தொட்டி காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் பாதி ஆழம்தான் விட்டார். அங்கே எரிந்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு.

அவர் அழுதார். பிறகு அந்தத் தொட்டி ஒயினுக்கு ‘மகலோன்’ என்று பெயர் வைத்தார். கண்காட்சியில் ஒருவர் ருசித்துவிட்டு, “இதுல ஏதோ ஒரு துக்கம் இருக்கு” என்றார்.

“எம் பொண்ணு எறங்குன தொட்டி” என்று மாமனார் இன்னொரு கோப்பை ஊற்றினார்.

பதக்கம் கிடைத்தது. நான் ஒயின் படிப்பு படித்தவன் என்பதால் பின்பக்க லேபிளை என்னை எழுதச் சொன்னார். இரண்டு வரி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.

இந்த வருடம் அந்தத் தொட்டியில் இறங்க ஆட்கள் மறுத்துவிட்டார்கள்.

“என்னப்பா, பயமா?”

“பயமெல்லாம் இல்ல முதலாளி” என்றான் ராமிரோ. “ஊரே புகழுற மூக்கு உங்களுது. மொதல்ல அதை எறக்குங்க, பின்னாடியே நாங்க வர்றோம்.”

ஜோசெத் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். “விடுடா, பாவம். சட்டை அழுக்காயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேலே ஏறினார். “வாங்க மாப்பிள்ளை, மெழுகுவத்தியப் பிடிங்க.”

பிடித்தேன். அடிவரை விட்டேன், நான் எந்த வேலையையும் பாதியில் நிறுத்துவதில்லை. சுடர் அணைந்தது.

“எரியுதா?” முதுகைக் காட்டியபடி கேட்டார்.

“எரியுது மாமா.”

கம்பியை மேலே இழுத்தபோது அணைந்த திரியின் வாசனையும் கூடவே வந்தது. அவர் மூக்கு விடைத்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“மாப்பிள்ளை, கவனிச்சீங்களா? லேசா ஒரு புகை வாசனை. போன வருஷம் இது இல்ல.”

“ஆமா மாமா.”

“இந்த வருஷமும் பதக்கம் நமக்குத்தான்.”

முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. கீழே போய், அவர் வேலையாக இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எல்லோரையும் சாப்பிட அனுப்பினேன்.

மகலோனுக்காகத்தான் செய்தேன். ஒயினைவிட மனுஷி பெரிது என்று அந்த வீட்டில் ஒருவராவது காட்ட வேண்டியிருந்தது.

ஒரு வேண்டுகோள். உங்கள் போலீஸ்காரர்கள் கிடங்குக் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். நான்காம் தொட்டியிலிருந்து வடித்த ஒயின் வெளிக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதற்கு ‘அன்செல்ம்’ என்று பெயர் வைக்கலாம். லேபிளுக்கு இரண்டு வரி எழுதிவிட்டேன். புகை வாசனையையும் சேர்த்திருக்கிறேன். அது உண்மையாகவே இருக்கிறது, ஐயா. நேற்று ருசி பார்த்தேன்.