பாலத்தை மூடிய செய்தி

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், ஹாம்பர்க்ல இருக்கிற அத்தன காருக்கும் இந்தச் சுரங்கப்பாதைய விட்டா வேற வழியே கெடையாதா? எட்டு மணிக்கு நான் டிவில செய்தி வாசிக்கணும், உங்க டாக்சி நகரவே மாட்டேங்குதே, வோல்கர் தம்பி. இன்னிக்குத்தான் கடைசி. நாளைலேர்ந்து ரிட்டயர்டு. என் மூஞ்சி போட்டு கேக்கு வேற செஞ்சு வச்சிருக்காங்களாம்.

ஆமா, அதே ப்ரோடர்சன்தான். நேர்ல குள்ளமாத்தான் இருப்பேன்.

ஒரு நாள் லேட்டாப் போனதில்ல தெரியுமா. காய்ச்சலோட வாசிச்சிருக்கேன். பொண்டாட்டி விட்டுட்டுப் போன அன்னிக்கும் வாசிச்சேன். அவளும் உக்காந்து பாத்தாளாம்... எட்டு மணிக்கு இந்த ஊர்ல எவனும் எவனுக்கும் போன் பண்ண மாட்டான், அவ்ளோ மரியாத. அதே வாயால வீட்டுல 'உன்ன எனக்குப் பிடிக்கும்'னா, 'வாசிக்கிற மாதிரி இருக்கு'ம்பா.

வெளிய அப்படியே நேர்மாறு. வெளையாட்டுக்குக்கூட ஒண்ணு சொல்ல முடியாது. மீன்கடையில ஒருதடவ, 'இந்த மீனு என்னவிட வயசானது போலிருக்கே'ன்னேன். அவ்ளோதான், கடை காலி. பாவம் அந்த ஆளு, அப்புறம் பூக்கடை வச்சான்.

சரி, திருப்புங்க, பாலம் வழியாப் போயிரலாம்... மூடியிருக்கா? யாரு சொன்னா?

உங்க வீட்டம்மாவா. காலைல... பேக்கரி வரிசைலயா.

ம்.

அது வந்து தம்பி... பக்கத்து வீட்டு ஹெட்விக் அம்மா, அக்கரைல தங்கச்சி வீட்டுக்குக் காப்பி குடிக்க வாங்க வாங்கன்னு உசுர எடுத்துச்சு. போனா ரெண்டு பேரோட முட்டிவலியையும் கேக்கணும். தப்பிச்சா போதும்னு, 'பாலத்த மூடிட்டாங்களாமே'ன்னுட்டேன். மொத்த வரிசையும் திரும்பிப் பாத்துச்சு. அப்படியான்னு ஒரு ஆளு கேக்கல பாருங்க.

பொய்ங்க அது. பாலம் ஈயாடிக்கிட்டு இருக்கும். நம்புங்க... மூடிட்டாங்கன்னு சொன்னதும் நான்தான், தொறந்திருக்குன்னு சொல்றதும் நான்தான், அப்புறம் என்ன? முன்னாடி சொன்னதத்தான் நம்புவீங்களா?

சரி, இருங்க. டைய சரி பண்ணிக்கிறேன். இந்த பேக்கரி ரசீத செய்திக் காகிதம் மாதிரி இப்படிக் கைல வச்சுக்கிறேன்.

"நேயர்களுக்கு மாலை வணக்கம். நகரின் ஆற்றுப்பாலம் போக்குவரத்துக்குத் திறந்திருக்கிறது என்று அறிவிக்கப்படுகிறது."

...உடனே திருப்பிட்டீங்க. நல்லது. எதுக்கு மைக்க எடுக்குறீங்க? மத்த டாக்சிக்கெல்லாம் சொல்லப் போறீங்களா? வேணாம். தம்பி, சொன்னாக் கேளுங்க...

போச்சு. ஊரே பாலத்துக்கு வந்துருச்சு. முன்னயும் நகர வழியில்ல, பின்னயும் நகர வழியில்ல. மணி எட்டாகப் போகுது... ஏன் இஞ்சின நிறுத்துறீங்க? எங்க எறங்குறீங்க?

முன்னாடி நிக்கிற பஸ்ஸுல டிவி இருக்கா. செய்தி பாக்கவா.

தம்பி, நான் இங்க இருக்கேன். உங்க வண்டில, பின் சீட்டுல... அட, எல்லாரும்ல எறங்கி ஓடுறாங்க.

சரி, போங்க. நான் வந்துட்டேனான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.