மூடி

அதிகாலை மூன்று மணி. அரிசோனா மலையில் ஆள் அரவமே இல்லாத ஒற்றையடிப் பாதை. லைல் தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறான்... மார்லா ஏன் இந்த வருடம் வரவில்லை என்று கேட்டீர்களே, லைல் அவளுடைய அண்ணன். நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஹெட்லைட்டை அணைத்துத் தொலை, ரேமண்ட்.

நாளை நாம் கிளம்பும் இதே எண்ணூறு மைல் பந்தயத்துக்குத்தான் அவனும் பயிற்சி எடுத்தான். விதி தெரியுமே... யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது.

அதற்கு முந்தின வருடம்தான் வினை நடந்தது. ட்வைட் என்று ஒருவன். அதுவரை நடந்த மூன்று பந்தயத்திலும் லைலை முந்தியவன். முன்பல் ஒன்று கிடையாது; அந்த இடைவெளியைக் காட்டிச் சிரிப்பான். "பயிற்சியிலயும் பந்தய விதிதான் மாப்ள. உதவின்னு கேட்டா நீ அவுட்" என்று லைலைச் சீண்டுவான்.

ஒரு நாள் அதே பாதையின் வளைவில் ட்வைட் விழுந்து கிடந்தான். இரண்டு மணிக்கட்டும் முறிந்து தொங்கின. மடியில் பாட்டில் நிறையத் தண்ணீர்.

"லைல்... மூடிய மட்டும் திறந்து விடுடா."

லைல் காலை ஊன்றி நின்றான். சிரித்தான். "உதவி கேட்டுட்டியே மாப்ள. நீ அவுட்."

போயே விட்டான். கீழே இறங்கியதும் ஆள் அனுப்பலாம் என்று நினைத்தானாம். அனுப்பவில்லை. குளித்தான், சாப்பிட்டான், தூங்கினான். பாவி! மறுநாள் மதியம்தான் சொன்னான். வெயிலில் ட்வைட் செத்துக் கிடந்தான். மூடி முழுக்கப் பல் தடம்.

சரியாக ஒரு வருடம் கழித்து, நான் சொன்ன அந்த அதிகாலை. அதே வளைவு. லைலின் சைக்கிள் கைப்பிடியில் கேமரா இருந்தது, அதில் பதிவானதை நானே பார்த்தேன். இருட்டு. பின்னால் மிதிக்காமல் உருளும் சக்கரச் சத்தம்... டிக்... டிக்... டிக்... நின்றது.

"யார்ரா பின்னாடி?"

 கொஞ்ச நேரம் கழித்து லைலின் குரல், "என்ன இது, திறக்க மாட்டேங்குது." அப்புறம் வெறும் மூச்சு. விடிகிறது. வெயில் ஏறுகிறது. கடைசியில் அழுகை.

"ட்வைட்... மூடிய மட்டும் திறந்து விடுடா."

டிக்... டிக்... டிக்... அந்தச் சத்தம் மெதுவாகக் கீழே இறங்கிப் போனது.

தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். மழையே பெய்யாத இடத்தில் ஈர மண் வாசனை. லைலின் கைகால் ஒன்றும் முறியவில்லை. மூன்று பாட்டிலிலும் கழுத்து வரை தண்ணீர். தாகத்தில் செத்திருந்தான்.

இதோ, அதில் ஒன்று. வீட்டில் வைக்கப் பயந்து மார்லா என்னிடம் கொடுத்தாள். ரேமண்ட், உனக்குத்தான் பெரிய கை. திறந்து பார்.

"அட... அசையவே மாட்டேங்குதே!"

அசையாது. குறடு போட்டும் பார்த்துவிட்டேன். நெருப்புப் பக்கம் பிடி. மூடியைச் சுற்றிப் பல் தடம் தெரிகிறதா? லைலுக்கு எல்லாப் பல்லும் இருந்தன.

இந்தத் தடத்தில் முன்பல் ஒன்று இல்லை.